கேன்டீன் மஞ்சள், கம்பெனி மஞ்சள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். 1991-ல் ஒரே ஒரு தடவை அந்த மூக்கை அது செய்யவேண்டிய வேலைக்குப் பயன்படுத்தியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்போது நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. தொழிற்சாலைகளில் புழங்கும் பொருட்களில் எதெது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று தேடுவது எங்கள் வேலை. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கும். உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்தும்போது 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள்' என்று ஒரேயடியாகத் தூக்கி வைத்துவிடுவார்கள். உண்மையில் நான் செய்தது பஸ் பிடிப்பது, வாட்ச்மேனிடம் கெஞ்சுவது, பொட்டலம் கட்டுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது.

எனக்கு ஒதுக்கப்பட்டது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு டிக்கெட் கேட்டாலே பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். திரும்பும்போது என் மடியில் ஒரு பை, பைக்குள் கலர் கலராகப் பொடி. கேட்கவேண்டுமா? போலீஸ்காரர்கள் இரண்டு முறை என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி நிற்கவைத்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிக்கச் சொன்னார்கள். "பிரிக்கலாம் சார், ஆனா மூச்சை இழுத்துடாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் பிரிக்கச் சொல்லவில்லை, ஆனால் பஸ் போய்விட்டது.

நான் போய்வந்த தொழிற்சாலை, ஊருக்கு வெளியே ஒரகடம் சாலையில் இருந்தது. பஸ் சீட்டுகளுக்குப் போடும் ரெக்ஸின் செய்வார்கள். ரெக்ஸினுக்கு நிறம் கொடுக்கும் பொடிகள் பெரிய டிரம்களில் வரும். டிரம்மின் மேல் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று மேனேஜருக்கே தெரியாது. விற்றவனைக் கேட்டால் அது அவன் ரகசியம். தொழிலாளர்கள் அந்த எண்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். சிவப்புப் பொடி மொளகாத்தூள். பழுப்பு மல்லித்தூள். மஞ்சள் மஞ்சத்தூள். சூப்பர்வைசர்கூட லைனிலிருந்து "மொளகாத்தூள் ரெண்டு கிலோ!" என்றுதான் கத்துவார்.

கலர் செக்‌ஷனில் பொடிகளை எடை போட்டுக் கொடுப்பவர் ஓர் அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர். முதல் நாள் நான் கையுறையும் முகமூடியுமாக, சின்னக் கரண்டியால் பொடி அள்ளிக்கொண்டிருந்ததை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா மேடம், எங்க மசாலா ஐட்டமெல்லாம் கட்டிகினு போறீங்க? வூட்ல கொழம்பா?"

"குழம்பு வைக்க இல்லக்கா. இதுல ஏதாவது உடம்புக்குக் கெடுதலா, கேன்சர் வரவைக்குமான்னு பார்க்கப் போறோம்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டு வரை மஞ்சள். நகக்கண்ணில், ரேகையில், விரல் இடுக்கில் எல்லாம் மஞ்சள். கம்பெனியில் கொடுத்த கையுறை கிழிந்து மாதம் இரண்டு ஆகிறதாம்.

"எத்தினி சோப்பு போட்டாலும் போவ மாட்டேங்குது. எனக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு கீது மேடம். இந்தக் கையால அதுக்கு சோறு ஊட்டலாமா? பயந்துகினு ஸ்பூன்ல குடுக்குறேன். துப்புது. 'கையில குடு, கையில குடு'ன்னு ஒரே அழுவ. ஊட்டலாமா, கூடாதா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க, போதும்."

எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் எங்களைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை. "டெஸ்ட் முடியட்டும்க்கா. முதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்வேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த டெஸ்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. பிறவியிலேயே அதற்கு ஒரு குறை. உயிர்வாழத் தேவையான ஒரு சத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது, நாம்தான் ஊட்டவேண்டும். அந்தச் சத்தே இல்லாத கண்ணாடித் தட்டில் அதைப் பரப்பி, சந்தேகத்துக்குரிய பொடியைக் கரைத்துக் கலந்துவிடுவோம். உடம்புக்குள் போனால் ஈரல் அந்தப் பொடியை என்ன பாடு படுத்துமோ என்று கொஞ்சம் எலி ஈரல் சாறும் சேர்ப்போம். பொடி சாது என்றால் பாக்டீரியா பட்டினியில் போய்ச் சேரும், தட்டு வெறிச்சென்று இருக்கும். பொடி மரபணுவைக் கிண்டும் ரகம் என்றால் அந்தப் பிறவிக் குறையே சிலவற்றில் தற்செயலாகச் சரியாகி, தானே சமைத்துத் தின்று வளர்ந்து, தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும். பாக்டீரியாவின் மரபணுவைக் கிண்டுவது மனிதனின் மரபணுவையும் கிண்டலாம், கிண்டினால் புற்றுநோய் வரலாம். 'லாம்'தான். ஆனால் அந்த 'லாம்' போதும், அந்தப் பொடியைக் கையால் தொடாமல் இருக்க.

சரி, பொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பூந்தமல்லி தாண்டியதும் பஸ் ஒரு குலுக்கு குலுக்கியதில் மற்ற பொட்டலமெல்லாம் சமர்த்தாக இருக்க, மஞ்சள் பொட்டலம் மட்டும் வெடித்தது. பக்கத்தில் சலவை வேட்டியில் ஒரு பெரியவர். வேட்டியில் பாதி மஞ்சள்.

"இன்னாம்மா இது! கல்யாண வூட்டுக்குப் போய்க்கினு கீறேன்!"

"மன்னிச்சுக்குங்க சார். போனதும் வேட்டியை மாத்திடுங்க, உதறாம மாத்துங்க."

"வுடும்மா, மஞ்சள்தானே, மங்களகரம்" என்று அவரே சமாதானமாகிவிட்டார். மஞ்சள் என்றால் நம் ஆட்கள் எதையும் மன்னிப்பார்கள்.

மஞ்சள் பொடிக்காக இன்னொரு முறை அவ்வளவு தூரம் போக எனக்குச் சோம்பல். அந்தத் தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ் காலையில் எங்கள் ஆய்வுக்கூட வாசல் வழியாகத்தான் போகும். ஒரு துண்டுச் சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்ட பெருமை எனக்கு. டிரம் எண்ணை எழுதினேனா? இல்லையே. 'மஞ்சத்தூள் 50 கிராம், ரெண்டு கவர் போட்டு நல்லா கட்டிக் கொடுக்கவும்' என்று எழுதினேன். யாரிடம் வாங்கவேண்டும் என்று எழுதவில்லை. மறுநாளே பொட்டலம் வந்துவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் கவர், வாயை மெழுகுவத்தியில் உருக்கி ஒட்டி, அவ்வளவு நேர்த்தி. தொழிற்சாலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எல்லோரிடமும் காட்டினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எந்த மாதிரியையும் முகர்ந்து பார்க்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் அதை நோட்டீஸாக எழுதி ஒட்டியவளே நான்தான். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றை வெளியே இழுத்துவிடும் பெட்டிக்குள் வைத்துப் பிரித்தேன், கரைத்தேன், தட்டுகளில் ஊற்றினேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் தட்டு வெறிச். மொளகாத்தூள் கொஞ்சம் புள்ளி காட்டியது, மல்லித்தூள் சந்தேகம். மஞ்சத்தூள் மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம்.

அக்டோபர் தொடக்கத்தில் ரிப்போர்ட்டை மேனேஜர் மேஜையில் வைத்த கையோடு கலர் செக்‌ஷனுக்கு ஓடினேன். "அக்கா, உங்க மஞ்சத்தூள் சுத்தம். தாராளமா ஊட்டுங்க!"

அக்கா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்கிக்கொண்டார். என் கன்னமும் மஞ்சள். அடுத்த வாரம் போனபோது, "நேத்து ரெண்டு தட்டு துன்னுச்சு மேடம்! உருட்டி உருட்டிக் குடுத்தா வாயத் தொறந்துகினே கீது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் படித்ததற்கு இன்றைக்குத்தான் பலன் என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம். சாமான் கழுவும் அம்மா லீவு. நானே புலம்பிக்கொண்டு கழுவினேன். மஞ்சத்தூள் கரைத்து வைத்திருந்த குடுவையில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சோடா உப்பைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். குடுவை சிவந்தது. லேசாக இல்லை, ரத்தச் சிவப்பு.

குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டே கத்தினேன்: "ஐயையோ, ஆரத்தி!"

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்க்கிறோம். சோடாவும் அதே வேலையைத்தான் செய்யும். ரெக்ஸின் சாயம் அதற்கெல்லாம் அசையாது, அசைந்தால் பஸ் சீட்டைச் சோப்புப் போட்டுத் துடைக்கும்போதெல்லாம் நிறம் மாறுமே. அலமாரியிலிருந்த மிச்சப் பொட்டலத்தை எடுத்து, நானே ஒட்டிய நோட்டீஸுக்குக் கீழேயே நின்று, முகர்ந்தேன். எங்கள் வீட்டு சாம்பார்.

அடுத்த பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு தொழிற்சாலை. நேராகக் கேன்டீன். மாஸ்டர் திருநெல்வேலிக்காரர், பூரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஆகஸ்ட்ல பஸ் டிரைவர்கிட்ட எனக்கு மஞ்சத்தூள் குடுத்து விட்டீங்களா?"

"ஆமாம்மா! சீட்டு அனுப்பியிருந்தியளே. ஸ்டாஃப் எல்லாரும் வீட்டுக்கு நம்மகிட்டதான வாங்குதாங்க. வாலாஜாபாத் மில்லுல என் கண்ணு முன்னால அரைச்சது. எப்படி இருந்துச்சு?"

"மூணு தடவை டெஸ்ட் பண்ணோம் மாஸ்டர். ஒரு குறையும் இல்ல."

"பாத்தியளா! நான் சொல்லல?" என்று பூரிக் கரண்டியோடு பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பூரித்துப்போனார். டிரைவர் காலையில் கேன்டீனுக்குத்தான் முதலில் டிபனுக்கு வருவார். 'மஞ்சத்தூள்' என்று சீட்டைப் பார்த்ததும் நேரே மாஸ்டரிடம் நீட்டிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? மாஸ்டர் மேல் என்ன தப்பு? என் கோபம் போக இடமில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது.

அக்கா சாப்பாட்டு நேரத்தில் குழாயடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையுறை இல்லை. முதல் நாள் நான் கொடுத்துவிட்டு வந்ததை, என் பேச்சை நம்பிக் கழற்றி எறிந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். நான் டெஸ்ட் பண்ணது கேன்டீன் மஞ்சள். உங்க பொடிய இன்னும் டெஸ்ட்டே பண்ணல."

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "அப்ப... ஒரு மாசமா ஊட்டுறேனே?"

திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைத் தேய்த்தார். நிறுத்தினார், பார்த்தார், மறுபடி தேய்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஒரு மாதத்தை எந்தத் தட்டிலும் போட்டு நான் திருப்பிப் பார்க்க முடியாது. இன்றைக்கு வரை முடியவில்லை.

குழாயை மூடிவிட்டு வந்து, "அழுவாத. எப்பிடித் தெரிஞ்சிது ஒனக்கு?" என்று கேட்டார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நான் மேடம் இல்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே இல்லை. சோடா உப்பில் ஆரத்தி மாதிரி சிவந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுருக்குப் பையை எடுத்தார். சுண்ணாம்பை விரலில் தொட்டு ஈரமான உள்ளங்கையில் தேய்த்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"செவக்கல" என்றார் அக்கா. "இது கம்பெனி மஞ்சள்."

அன்றே அவர் கையாலேயே டிரம்மிலிருந்து எடுத்து, கட்டி, எண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வீட்டில் திரும்பவும் ஸ்பூன். நான் என் பையிலிருந்த கையுறைகளை எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டு வந்தேன். அந்த முறை தட்டுகளை எடுத்துப் பார்த்தபோது எண்ணத் தேவையே இருக்கவில்லை. அம்மை போட்ட மாதிரி புள்ளிகள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் என் முதல் ரிப்போர்ட்டை ஃபைலில் அழகாகக் கோத்து வைத்திருந்தார். "மேடம், போன மாசம் சுத்தம்னீங்க. இந்த மாசம் விஷம்ங்கறீங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. நான் எதைம்மா நம்பறது?" அவர் கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்டதாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பாட்டி போங்க சார்!" என்று நான் எழுந்தே விட்டேன்.

அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமலே உள்ளே வந்தார். ஒரு கையில் கேன்டீன் மஞ்சள் போட்ட கிண்ணம், இன்னொரு கையில் டிரம் பொடி ஒரு சிட்டிகை, காகிதத்தில். மேனேஜர் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப்போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீர் தெளித்தார், சுண்ணாம்பைத் தடவினார். ஒன்று சிவந்தது, ஒன்று அப்படியே இருந்தது.

"சார், செவந்துது பாருங்க, அதத்தான் மொதல்ல டெஸ்ட் பண்ணிச்சு இந்தப் பொண்ணு. அத்த நீங்களும் மத்தியானம் சாம்பார்ல துன்னீங்க. செவக்கலியே, இத்தத்தான் நான் டெய்லி எட போடுறேன். எனக்கு ஒரு கொழந்த கீது சார்."

மேனேஜர் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பிறகு என் முதல் ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து உருவி என்னிடம் கொடுத்து, "கேன்டீனுக்குக் குடுத்துடுங்க, மாட்டி வெச்சுக்கட்டும்" என்றார். ஒரே மாதத்தில் மஞ்சள் டிரம் திரும்பிப் போயிற்று. மொளகாத்தூளும் மல்லித்தூளும் அன்றிலிருந்து மூடிய பெட்டியில்தான் எடை. அக்கா கட்டிங் செக்‌ஷனுக்கு மாறினார். மாஸ்டர் அந்த ரிப்போர்ட்டை நிஜமாகவே ஃபிரேம் போட்டுக் கேன்டீனில் மாட்டினார், அது வேறு விஷயம்.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என்னைப் பிள்ளைப்பாக்கத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மீன் கழுவி மசாலா தடவிக்கொண்டிருந்தார். குழந்தை நான் யார் என்று முறைத்துப் பார்த்துவிட்டு, அம்மா பக்கத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் மஞ்சள். சாயம் இன்னும் போகவில்லையா, இல்லை இப்போது தடவிய மசாலாவா? அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பிறையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்து விரலில் தொட்டு நகத்தின்மேல் இழுத்தார். குழந்தைக்கு இது பழக்கம்போல. எட்டிப் பார்த்து, "செவந்துச்சு!" என்று கத்தியது.

நகம் ஆரத்திச் சிவப்பாக இருந்தது. அக்கா மறுபடி கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்து உருட்டிக் குழந்தை வாயில் வைத்தார். அடுத்த உருண்டையை என் பக்கம் நீட்டினார்.

"இன்னா பாத்துகினு கீற? நீயும் வாயத் தொற."

நான் வாயைத் திறந்தேன்.